கப்பல் பலகையில் கட்டிய கோழிக்கூடு

போன மாதம் கிள்ளானில் இருக்கும் என் மகள் ஒரு கோழிக்கூடு வாங்கினாள். கைத்தொலைபேசியில் படம் பார்த்து, அதிலேயே சொல்லிவைத்து, அது பெட்டியில் வந்து வாசலில் இறங்கியது. பச்சைக் கூரை, வெள்ளைச் சுவர், காலையில் தானே திறந்து மாலையில் தானே மூடிக்கொள்ளும் கதவு. என்னைச் செந்தூலிலிருந்து காரில் அழைத்துப் போய் அதன் முன்னால் நிறுத்தி, "எப்படிம்மா இருக்கு?" என்றாள். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். கோழி உட்காரும் கம்பு பிளாஸ்டிக்கில் வழவழவென்று இருந்தது. "அழகா இருக்கு. கோழிதான் வழுக்கி விழும்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எதையும் குறை சொல்லாமல் பார்க்க எனக்கு வராது. என்னோடு படித்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும். நாமெல்லாம் கோழி எச்சத்தை மிதித்த காலைப் புல்லில் தேய்த்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போனவர்கள். இன்று அடுக்குமாடி வீட்டில் பெரிய பூந்தொட்டி ஒன்று வைப்பதற்கும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியிருக்கிறது. கோழியைப் பற்றிப் பேசுவதோடு நம் ஆசையை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே எங்கள் அப்பா கட்டிய கூட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் போர்ட் கிள்ளானில், துறைமுகத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கப்பலிலிருந்து சாமான் இறக்கும் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம், துணி காயப்போடும் கம்பி, அதைத் தாண்டினால் பெரிய கால்வாய். எனக்குப் பத்து வயது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அக்காள் போனாள், கோழிகள் வந்தன.

அக்காள் கிள்ளானில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். கடைக்குச் சரக்கு கொண்டுவந்த லோரிக்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள். ஆள் நல்லவர்தான், குடிப்பழக்கம்கூட இல்லை. தன்னைக் கேட்காமல் பார்த்துப் பழகிவிட்டாள் என்பதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. முடியாது என்றார். ஒருநாள் காலையில் அக்காள் வழக்கம்போல வேலைக்குப் புறப்பட்டுப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இருவரும் பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு வீட்டில் அறை எடுத்துக் குடிபோனார்கள்.

"இந்த வீட்டுல இனிமே அவ பேச்சே இருக்கக் கூடாது" என்றார் அப்பா. சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட மனிதர். அக்காளுடைய தட்டு, தம்ளர் எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. அம்மா மாதம் ஒருமுறை கோலாலம்பூரில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறுவாள். கோயிலுக்கும் போவோம், பொய் சொல்லக்கூடாது பாருங்கள். அதற்குப் பிறகு அக்காள் வீட்டுக்குப் போவோம்.

அப்படிப் போன ஒருநாள்தான் அக்காள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பாசாரிலிருந்து நாலு கம்பத்து நாட்டுக்கோழிகளும் ஒரு சிவப்புச் சேவல் குஞ்சும் வாங்கி வந்தாள். "எதுக்கு?" என்று கேட்டார் அப்பா. "முட்டைக்கு" என்றாள் அம்மா. எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, முட்டையிடாத வெடைக்கோழியில் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும். கோழி வாங்கினால் முட்டை வரும், முட்டை வந்தால் குஞ்சு வரும், குஞ்சு வளர்ந்தால் அக்காளுக்கு நாள் சரியாக இருக்கும். அம்மா கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருந்தாள். அக்காள் வீட்டுக்கு வருவாளா என்பதற்குத்தான் அவளிடம் கணக்கு இல்லை.

கோழிகள் முதலில் ரம்புத்தான் மரத்தில் ஏறித் தூங்கின. ஒருநாள் விடிந்து பார்த்தால், சேவல் குஞ்சு போகக் கோழி மூன்றுதான் இருந்தது. மரத்தடியில் இறகு சிதறிக் கிடந்தது. மூசாங் என்கிற மரநாய் தூக்கிப் போய்விட்டது. அம்மா அந்த இறகுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு கோழிக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள். அப்பா வேலைக்குப் புறப்பட்டு நின்றவர் அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் திரும்பியபோது சைக்கிளில் பலகைகள் கட்டியிருந்தன. கப்பலில் சாமான் வந்த பெட்டிகளைப் பிரித்த பலகை. வெளிர் மஞ்சளாக, முகர்ந்தால் சூடம் போலவும் எண்ணெய் போலவும் ஒரு வாசனை வரும். எங்கேயாவது இன்றும் புதுப் பலகை அறுத்தால் நான் நின்று மூச்சு இழுத்துவிட்டுத்தான் போகிறேன். சில பலகைகளில் கறுப்பு மையில் அம்புக்குறி போட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அர்த்தம். அப்பா அதைத் தலைகீழாக அறைந்திருந்தார். நான் சொன்னேன். "கோழிக்கு என்ன இங்கிலீஷ் தெரியுமா?" என்றார்.

முதலில் கட்டிய கூடு நாலு பக்கமும் பலகை அடைத்து, மேலே தகரம் போட்டு, மூசாங்கின் மூக்குகூட நுழைய முடியாதபடி இருந்தது. அப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. மறுநாள் மத்தியானம் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு உள்ளே கிடந்தன. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளை நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். எங்கள் வரிசையிலேயே இருந்து இருந்து நன்றாகத் தமிழ் பேசுவார். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கோழி வீடா, ரொட்டி சுடற அடுப்பா? காத்து வேணும் லா" என்றார். அப்பாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சாயங்காலமே கூரைக்குக் கீழே ஒரு சாண் பலகையைச் சுற்றிலும் எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கூடு அவரை விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவார், நேரே பின்னால் போய்விடுவார். உட்காரும் கட்டைக்கு முதலில் சட்டம் வைத்தார். அதன் கூர்விளிம்பு கோழியின் காலை வெட்டும் என்று எடுத்துவிட்டு, கொய்யாக் கிளையைப் பட்டையோடு வெட்டிவந்து வைத்தார். எச்சம் கீழே விழும்படி தரைப்பலகைக்கு இடைவெளி விட்டார். கூட்டின் கால்களை எண்ணெய் ஊற்றிய பால் டின்களில் நிறுத்தினார், எறும்பு ஏறாமல் இருக்க. பேன் பிடிக்காமலிருக்க அடுப்புச் சாம்பலைக் கொட்டி ஒரு குழி செய்தார். கோழிகள் அதில் புரண்டு புரண்டு குளிக்கும். அவை எழுந்து உதறும்போது அப்பாவின் மீசையெல்லாம் சாம்பலாகிவிடும். துடைத்துக்கொள்ளவே மாட்டார்.

முட்டையிடச் சீனன் கடைச் சதுர பிஸ்கட் டின்களைப் படுக்க வைத்து, லாலாங் புல் பரப்பினார். கோழிகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "வெளிச்சமா இருக்கு. வெக்கப்படுதுங்க" என்று சொல்லி அம்மா உள்ளே போய் ஒரு துணியைக் கிழித்து எடுத்து வந்தாள். அக்காளுடைய நீலப் பாவாடை. வேண்டுமென்றேதான் அதை எடுத்தாள் என்று நினைக்கிறேன். டின்களின் வாயில் திரைபோலத் தொங்கவிட்டாள். அப்பா அதைப் பார்த்தார். பிடுங்கி எறிவார் என்று நான் பயந்தேன். கீழ்விளிம்பு எச்சத்தில் படுகிறது என்று ஒரு மடிப்பு மடித்து ஆணி அடித்தார், அவ்வளவுதான். அடுத்த நாளே முட்டை இருந்தது. மூன்று கோழிகளும் ஒரே டின்னுக்குள் அடித்துப் பிடித்துக்கொண்டு நுழைந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தத் திரையைப் பற்றி அம்மாவும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்போதெல்லாம் சாப்பாடு, ஷிப்ட் நேரம் இவற்றைத் தவிர வேறெதுவும் இருவரும் பேசுவதில்லை.

ஒருமுறை கடல் பெருகி, கால்வாய் வழியாகத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. போர்ட்டில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். நாங்கள் அரிசியையும் துணியையும் கட்டிலில் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோழிகள் மட்டும் உயரமான கால்களில் நின்ற கூட்டில், இறகு நனையாமல், எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்பா தண்ணீரில் நடந்து போய் அவற்றுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தார். அம்மா அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது வெடித்துவிட்டது.

"பெத்த பொண்ணுக்கு இந்த வீட்டுல ஒரு மூலை இல்ல. கோழிக்கு மாடி வீடு! உங்களுக்கெல்லாம் எதுக்குப் புள்ள குட்டி?"

 அப்பா கால் துடைக்கத் துணி தேடினார். பக்கத்து வீட்டு மக்சிக் கூட மறுநாள் அம்மாவிடம், "உன் வீட்டுக்காரருக்குக் கல்லு நெஞ்சு" என்று சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாரும் தப்பாக நினைத்தோம்.

மக்சிக் வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்து போகும். குஞ்சுகள் பொரித்தன, வளர்ந்தன. வெடைக்கோழிகள் முற்றமெல்லாம் திரிந்தன. சிவப்புக் குஞ்சு பெரிய சேவலாகி, வேலிமேல் நின்று கூவினால் வரிசை வீடு முழுக்கக் கேட்கும். அக்காளுக்கு மாதம் நெருங்கியது. ஒருநாள் அம்மா என்னைக் கூட்டுக்குப் பின்னால் அழைத்துப் போய், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். "இந்தச் செவப்புச் சேவல முனியாண்டிக்கு நேந்துக்கிட்டேன். தாயும் புள்ளையும் நல்லபடியா பிரியணும். பிரிஞ்சதும் கொண்டுபோய்க் குடுத்துடணும்." ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் ஆலமரத்தடியில் இருந்த முனியாண்டி கோயிலைத்தான் சொன்னாள்.

சாமிக்கு நேர்ந்த சேவலை அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, யாருக்கும் தரக் கூடாது. அதன் காலில் மஞ்சள் துணி கட்டிவிடுவது வழக்கம், மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று. அம்மா கட்டவில்லை. கட்டினால் எதற்கு, யாருக்கு என்று அப்பா கேட்பாரே.

அப்பாவோ அந்தச் சேவலின் மேல் உயிராக இருந்தார். காலையில் காப்பியில் ரொட்டியை நனைத்து அதற்குத் தனியாக வைப்பார். தீபாவளி சமயத்தில் அவரோடு வேலை செய்தவர் ஒருவர் வந்து, "அண்ணே, இந்தச் சேவல எனக்குக் குடுங்கண்ணே, வேற ரெண்டு கோழி தரேன்" என்று கேட்டார். "இது மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்று அப்பா போட்ட சத்தத்தில் அந்த ஆள் குடித்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சமையலறையிலிருந்து அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இவரு குடுக்கமாட்டாருடி. வேண்டுதல் நின்னு போனா சாமி புள்ளையிலதான் கை வெக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  அன்றிலிருந்து அந்தச் சேவல் கிட்டே வந்தால் நானும் ஒதுங்கிப் போவேன்.

பிறகு அந்த நாள் வந்தது. காலையில் வாசலில் லோரி நின்றது. அக்காளைக் கட்டிய அத்தான் இறங்கி வேலிக்கு வெளியிலேயே நின்றார். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்ற அடிக்கடி வருவாராம், அப்பாவைக் கண்டால் ஒதுங்கிக்கொள்வாராம். கண் சிவந்து, தாடி வளர்ந்து இருந்தார். "அத்தே, நேத்துலேர்ந்து வலி. கொழந்த குறுக்க இருக்காம். ஆப்பரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க" என்றார். அம்மா அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போட்டது போட்டபடி போய் லோரியில் ஏறிக்கொண்டாள்.

அப்பா வாசலிலேயே நின்றார். லோரிச் சத்தம் மறைந்த பிறகும் நின்றார். அப்புறம் விறுவிறுவென்று பின்னால் போய், கூட்டைத் திறந்து, சிவப்புச் சேவலைப் பிடித்தார். அது இறக்கையை அடித்துக்கொண்டு கத்தியது. கால்களைக் கட்டிக் கூடையில் போட்டு, "ஏறு" என்றார் என்னிடம். நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எங்கே என்று கேட்கத் தைரியமில்லை.

சைக்கிள் ரயில் கேட்டைத் தாண்டியது. முனியாண்டி கோயிலைத் தாண்டித் துறைமுகத்துப் பக்கம் திரும்பியது. யாருக்கோ கொடுக்கத்தான் எடுத்துப் போகிறார் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காள் செத்துவிடுவாள் என்றே நினைத்தேன். சத்தியத்தை விட்டுவிட்டு அவர் முதுகைக் குத்திக் குத்திக் கத்தினேன். "வேணாம்ப்பா! அது முனியாண்டி சேவல்! அம்மா அக்காவுக்காக நேந்துக்கிட்டாங்க!"

சைக்கிள் நின்றது. அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"யாருக்காக?"

"அக்காவுக்கு. நல்லபடியா புள்ள பொறக்கணும்னு."

அவர் கூடையிலிருந்த சேவலைப் பார்த்தார். "நானும் அவளுக்குத்தான்டா கண்ணு நேந்துக்கிட்டேன்" என்றார். "போர்ட் கேட்டு மதுரைவீரனுக்கு. புள்ள பொறந்ததும் குடுக்கறேன்னு சொன்னேன். இப்ப மனசு கேக்கல, முன்னாடியே குடுத்துடலாம்னு..." பாதியிலேயே தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நடுரோட்டில் அப்பா அழுததை நான் பார்த்தேன். கூடைக்குள் சேவல் மட்டும் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

ஒரே வீட்டில், ஒரே பெண்ணுக்காக, ஒரே சேவலை இரண்டு சாமிக்கு நேர்ந்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் ஒரு மஞ்சள் துணியைக் கட்டியிருந்தால் போதும். அம்மா எதற்குப் பயந்து கட்டவில்லையோ, அதற்கே பயந்துதான் அப்பாவும் கட்டவில்லை.

சைக்கிளைத் திருப்பி முனியாண்டி கோயில் பூசாரியிடம் போனோம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இப்போது சேவல் யாருக்கு, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் கோபம் வராதா என்று கேட்டார். பூசாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏம்பா, ரெண்டு பேருமே காவல்காரங்க. உங்க போர்ட்டு ஆளுங்க மாதிரி ஷிப்ட் மாத்திக்குவாங்க. அங்க போயி ஒரு சூடத்தக் காட்டிட்டு, இங்க கொண்டாந்து உசுரோட விட்டுடு. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாமிங்க பேசிக்கும். நீயும் உன் சம்சாரமும்தான் பேசிக்கறதில்ல போலருக்கு" என்றார். அப்பா அதற்கும் தலையை ஆட்டினார்.

அப்படியே செய்துவிட்டுக் கோலாலம்பூருக்கு ரயிலேறினோம். அப்பாவின் சட்டையில் சேவல் எச்சம், காலரில் ஒரு சிவப்பு இறகு. கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி பிரிக்பீல்ட்ஸை நெருங்கியபோது, அக்காள் இருந்த வீட்டைக் காட்டலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வீடு வருவதற்கு முன்னாலேயே அப்பா எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டார். கொடியில் காய்ந்த துணி கண்ணிலிருந்து மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வீடு முன்பே தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை இந்த ஜன்னலில் நின்றாரோ, பாவம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றாள். அப்புறம் அப்பாவின் காலரைப் பார்த்தாள். "என்ன இது எறகு? சேவல் எங்க?"

நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள், "நீங்களுமா?" என்று அப்பாவைப் பார்த்தாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "கோழிக்கு மாடி வீடுன்னு சொன்னேனே உங்கள" என்றாள். "வெடக்கோழி ஒண்ணுகூடக் கொறையாம அவளுக்கு வந்து சேரணும்னுதான்..." என்று முணுமுணுத்துவிட்டு அப்பா உள்ளே போனார்.

சிறு பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். நான் வராந்தா ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே பார்த்தேன். அக்காள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் குழந்தை. அத்தான் அப்பாவைக் கண்டதும் கையிலிருந்த பிளாஸ்கோடு சுவரோரம் ஒதுங்கி நின்றார். அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குழந்தையைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வாம்மா. பத்தியத்துக்கு எல்லாம் தயாரா இருக்கு" என்றார்.

அக்காளும் அவர் மகள்தானே. கண்ணில் தண்ணீர் வழிந்தாலும் குரல் உறுதியாக இருந்தது. "அவரு வராத வீட்டுக்கு நான் வரமாட்டேம்ப்பா."

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடி இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா மெல்லத் திரும்பினார். 'அந்த லோரிக்காரன்' என்பதைத் தவிர வேறெந்தப் பெயராலும் தான் சொல்லாத அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார். 

"மாப்ள, நீங்க கோழி சாப்புடுவீங்கல்ல?"

 அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அக்காள் சிரித்துவிட்டாள். தையல் வலிக்கிறது, வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.